ஏணி அண்ணனைக் கொடுத்த வருடம்

ஏணி அண்ணனைக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஓவென்று அழத் தொடங்கினேன். யாரோ செத்துப்போனார்களாக்கும் என்று பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பஸ் டிப்போ டீமில் ஒருவரை மாற்றிவிட்டார்களாம், அதற்குத்தான் இந்தக் கூத்து என்று அம்மா விளக்கம் சொல்லி அவர்களை அனுப்பி வைத்தார்.

அந்த நாளில் மாத்தளை டிப்போவுக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. டிரைவர்களும் கொண்டக்டர்களும் கராஜ்காரர்களும்தான் ஆட்டக்காரர்கள். சம்பளம் பஸ்ஸுக்கென்று கொடுத்தாலும், நன்றாகக் கூடை போடுகிறவருக்கு லேசான டியூட்டியும் நல்ல ரூட்டும் கிடைக்கும். என் சித்தப்பா டிப்போவில் டைம் கீப்பர். பஸ்களை விசில் ஊதிக் கிளப்புவதும் அவர்தான், அணிக்கு மனேஜரும் அவர்தான். வீட்டிலும் கழுத்தில் விசிலோடுதான் இருப்பார். குளிக்கும்போது கழற்றுவாரா என்று நானும் சித்தியும் பந்தயம் கட்டியிருக்கிறோம்.

டிப்போக்களுக்கிடையில் ஆண்டுதோறும் போட்டி நடக்கும். விளையாடுகிறவர்களின் பெயரைக் கொடுக்க ஒரு கடைசி நாள் உண்டு. அதற்கு முந்திய வாரம் இருக்கிறதே, அதுதான் எனக்குத் தீபாவளி. ஒரு டிப்போக்காரரும் இன்னொரு டிப்போவில் அதே வேலை செய்கிறவரும் சம்மதித்தால் ஆளுக்கு ஆள் மாறிக்கொள்ளலாம். மனேஜர்மார் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நெட்டையான கொண்டக்டர் எங்கே இருக்கிறார், குறி தப்பாத டிரைவருக்கு எந்த ஊரில் பெண் பார்த்திருக்கிறது என்று டெலிபோனில் விசாரித்து, பேரம் பேசி, கடைசி நாள் முடிவதற்குள் ஆளை இழுத்துவிடுவார்கள். யாரைக் கொடுத்தார்கள், யாரை வாங்கினார்கள், யாருக்கு லாபம் என்பதை நான் ஐந்தாம் வகுப்பிலிருந்தே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க ஆளில்லாவிட்டால் ஆட்டுக்குட்டியிடமாவது சொல்லுவேன்.

அப்படிப்பட்ட என்னிடம் கேட்காமல் சித்தப்பா ஏணி அண்ணனை வவுனியா டிப்போவுக்குக் கொடுத்துவிட்டார்.

ஏணி அண்ணனுக்கு வேறு பெயர் இருந்தது, நான் அதைச் சொல்வதில்லை. வவுனியாப் பக்கத்து மனிதர். எங்கள் டிப்போவில் கொண்டக்டராக வந்து பல வருடம். பஸ்ஸுக்குள் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் டிக்கட் கொடுப்பார். ஆடுகளத்தில் கூடைக்கு இடது பக்கம், ஒரே இடத்தில் நிற்பார். அங்கே பந்தைக் கொடுத்தால் போதும், கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போட்டுவிடுவார். என்னைக் கண்டால் தன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளந்து, “இன்னும் வளரேல்லை பிள்ளை, சோறு காணாது” என்பார். அடுத்த வருடம் எப்படியும் பெல்ட்டைத் தாண்டிவிடுவதென்று நான் சபதம் எடுத்திருந்தேன்.

அவருக்குப் பதிலாக வந்தவர் பண்டா. மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலைக்காரர். வவுனியாவில் பல வருடம் கொண்டக்டராக இருந்தவர். குட்டை, தொந்தி வேறு. அவரைப் பார்த்ததும் எனக்கு மறுபடி அழுகை வந்தது.

அன்று சித்தப்பா வீட்டுக்குப் போய் ஒரு பிடி பிடித்தேன்.

“ஒரு தலை உயரத்தைக் குடுத்துட்டு ஒரு தொந்தியை வாங்கியிருக்கீங்களே சித்தப்பா! யாராச்சும் செய்வாங்களா?”

“பண்டா நல்லா மறிப்பான். எதிராளி அவனைத் தாண்டிப் போக ஏலாது” என்றார் அவர், விசிலைத் துடைத்துக்கொண்டே.

“சுத்திப் போகவே அரை நாளாகுமே” என்றார் சித்தி அடுப்படியிலிருந்து. சித்தி எப்போதும் என் கட்சி.

ஏணி அண்ணன் மூன்று வருடமாக ஊருக்குப் போகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நல்ல ஆட்டக்காரர் என்பதாலேயே விடாமல் வைத்திருந்தார்களாம். பண்டாவையும் வவுனியாவில் அப்படியே பிடித்து வைத்திருந்தார்களாம். மூன்று வருடத்துக்கு முன்னால்தான் சிங்களவர் தமிழர் கலவரம் ஒன்று வந்து போயிருந்தது. மாத்தளையில் ஒன்றிரண்டு கடைகள் இன்னும் கரியாகவே நின்றன. இதையெல்லாம் சித்தி சொல்லிக் கேட்டேன். ஆனால் கரிக்கடைக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம்? நான் உயரத்தையே பேசிக்கொண்டிருந்தேன்.

போட்டி தொடங்கியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, பண்டா நன்றாக விளையாடினார். அவர் குறுக்கே நின்றால் லொறி நிற்பது மாதிரி. ஒவ்வொரு ஆட்டமாக வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே யார் என்று நினைக்கிறீர்கள்? வவுனியா!

இறுதி ஆட்டம் மாத்தளையிலேயே நடந்தது. டிப்போவே காலியாகி ஆடுகளத்தைச் சுற்றி நின்றது. அன்று பின்னேரம் உக்குவளைக்குப் போகவேண்டிய பஸ் எந்த நேரத்தில் போனதோ, விசில்காரர் ஆடுகளத்தில் நின்றாரே! கடலைக்காரரும் வந்துவிட்டார். நான் சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்றேன். வவுனியா பஸ்ஸிலிருந்து ஏணி அண்ணன் நீலச் சட்டையோடு குனிந்து இறங்கியபோது எங்கள் ஆட்களே கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ரோசம்.

ஆட்டம் என்றால் அதுதான் ஆட்டம். அவர்கள் ஒன்று போட்டால் நாங்கள் ஒன்று. ஏணி அண்ணன் வரிசையாகக் கூடை போட, ஒவ்வொன்றுக்கும் நான் சித்தப்பாவை முறைத்தேன். மறுபக்கம் பண்டா மறித்து மறித்து அவர்களைத் திணறடித்தார். இடைவேளை விசில் கேட்டது. வியர்த்துக் கொட்ட, மூச்சு வாங்க, பண்டா நேரே வவுனியாக்காரரின் வாங்குக்குப் போய் உட்கார்ந்து, அவர்களின் குடத்தைத் தூக்கித் தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிட்டார்! பல வருடப் பழக்கம். பாதி குடித்த பிறகுதான் சட்டையின் நிறம் கண்ணில் பட்டிருக்கிறது. “அய்யோ, மறந்திட்டனடாப்பா!” என்று அவர் தமிழில் கத்த, இரண்டு பக்கமும் விழுந்து விழுந்து சிரித்தது. சிங்களப் பண்டா எங்களை விடச் சுத்தமான வவுனியாத் தமிழ் பேசுவார். ஒரு வவுனியாக்காரர் அவர் முதுகில் தட்டி, குடத்தையே கையில் கொடுத்து அனுப்பினார்.

கடைசி நிமிடம். நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்து எங்கள் கராஜ்கார அண்ணனின் கையில். அவர் ஏணி அண்ணனோடு பல வருடம் ஆடியவர். இரண்டு பேர் அவரை நெருக்கினார்கள். “குடு! குடு!” என்று ஊரே கத்தியது. யாருக்கென்று பார்க்க நேரமில்லை. கண்ணை மூடாத குறையாக, எப்போதும் வீசுகிற இடத்துக்கு வீசினார். கூடைக்கு இடது பக்கம்.

அங்கே ஏணி அண்ணன் நின்றார். அது இப்போது அவர் காக்கவேண்டிய கூடை. பந்து வந்தது. பிடித்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை தானாக மேலே போனது. பந்து வலைக்குள் இறங்கியது.

ஒரு கணம் கடலைக்காரரின் கரண்டிச் சத்தம்கூட நின்றது. பிறகு விசில். பிறகு மாத்தளையே வெடித்தது! எங்களுக்கு இரண்டு புள்ளி! வென்றுவிட்டோம்! நான் வாங்கிலிருந்து குதித்த வேகத்தில் முழங்கால் உரிந்தது, வலிக்கவேயில்லை. என் ஏணி அண்ணன்! அடுத்த டிப்போவுக்குப் போயும் எங்களுக்கே கூடை போட்டுவிட்டாரே! சித்தப்பாவின் மூளையே மூளை என்று அந்த நிமிடத்தில் தீர்ப்பை மாற்றி எழுதிவிட்டேன்.

ஓடிப்போய்ச் சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். “சித்தப்பா, லாபம் நமக்குத்தான்! பண்டாவும் நமக்கு, அண்ணனும் நமக்கு!”

சித்தப்பா குதிக்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற ஏணி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். “மத்ததெல்லாம் ட்ரான்ஸ்பர் ஆகிருச்சு. அவன் கைக்கு மட்டும் இன்னும் ஓர்டர் போய்ச் சேரல” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் டிப்போவுக்கு ஊர்வலம் போக, நான் மட்டும் கூட்டத்திலிருந்து நழுவி வவுனியா பஸ்ஸிடம் போனேன். ரோசமெல்லாம் போய்விட்டது. அவரிடம் உயரம் அளக்கவேண்டும், நன்றி சொல்லவேண்டும். ஏணி அண்ணன் பஸ் வாசலில் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றி நீலச் சட்டைக்காரர்கள். பண்டாவைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள்தான். குடத்தைக் கொடுத்து அனுப்பிய அதே மனிதர் ஏணி அண்ணனுக்கு நேர் எதிரே நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“உண்மையச் சொல்லு. நீ எந்தப் பக்கம்?”

ஏணி அண்ணன் எங்கள் டிப்போப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. தோற்றால் யாருக்கும் அழுகை வரும்தானே என்று நினைத்தேன்.

பாவம், தெரிந்த விடையை வகுப்பில் மறந்துபோய் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்குள் தலையை விட்டு, உதவி செய்கிற சந்தோஷத்தோடு எடுத்துக் கொடுத்தேன்.

“வவுனியாப் பக்கம்னு சொல்லுங்க அண்ணே! சட்டையப் பாத்தாலே தெரியுதுல்ல!”

யாரும் சிரிக்கவில்லை. ஏணி அண்ணன் என்னை இழுத்துத் தன் பெல்ட்டோடு சேர்த்து நிறுத்தினார். அளக்க மறந்து, என் தலையில் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து பஸ்ஸில் ஏறினார்.

அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இதுதான் என் சிரிப்புக் கதை. ‘நீ எந்தப் பக்கம்?’ என்று நான் குரலை மாற்றிக் கேட்கும்போது வகுப்பே உருளும். பிறகு அதே கேள்வியை வவுனியா ரோட்டில், பஸ்ஸை நிறுத்தி, ஒவ்வொருவரையும் இறக்கிக் கேட்கிற வருடங்கள் வந்தன. போரிட்ட இரண்டு தரப்பும் கேட்டன. ஆட்டம் முடிந்த அன்று எனக்கு அது மிகச் சுலபமான கேள்வி. அவ்வளவு பெரிய மனிதருக்கு அதற்கு ஏன் விடை தெரியவில்லை என்று டிப்போ வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன்.