இரவல் ஜாக்கெட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதம், கல்வராயன் மலையில் நடந்தது இது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். பிரித்துப் போடுவதும் மடித்து வைப்பதும்தான் நாள் முழுக்க வேலை. அதனாலேயே எங்கள் சொந்தத்தில் யார் வெளியூர் கிளம்பினாலும் பை கட்டுவது என் தலையில்தான் விழும். அந்த முறை என் அக்காவுக்காகக் கட்டினேன்.

அக்காவை வடக்கனந்தல் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி, இரண்டு மாடு. அவள் வீட்டு வாசலில் கொடியில் துணி காயப்போட்டால் எதிரே மலை தெரியும். மலையில் மேகம் ஏறினால் ஓடிப்போய்த் துணியை எடுப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மலையைப் பார்த்துத் துணி எடுத்தாளே தவிர, ஒரு தடவைகூட அதன்மேல் ஏறிப் பார்த்ததில்லை. கரும்பு வெட்டுக்கு ஆள் வந்திருக்கும், இல்லாவிட்டால் மாடு கன்று போடும், அதுவும் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கும். போகாததற்கு ஒரு காரணம் எப்போதும் இருந்தது.

அந்த வருடம் அவளுக்கு மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். இடது பக்கம் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஊசி மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முடி மொத்தமும் கொட்டிப்போனது. நல்ல உடம்பு அவளுக்கு, கடையில் நான் அளவு சொல்லும்போதெல்லாம் "அக்கா சைஸ்" என்று கேலி செய்வேன். அந்த உடம்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் அவள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மலைமேல போயி ஒருவாட்டி பாக்கணும்டி. அருவில இப்ப தண்ணி கொட்டுதாம்."

அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, டாக்டரிடம் கேட்டார். போய் வரலாம், ஆனால் நனையக் கூடாது, சளி காய்ச்சல் வந்தால் அடுத்த ஊசி தள்ளிப்போகும், அது தள்ளிப்போவது நல்லதில்லை என்று டாக்டர் சொன்னார். மாமா அதை என்னிடம் வந்து சொன்னபோது அவர் குரலே சரியில்லை. அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். அக்கா நனையக் கூடாது.

ஆனால் புரட்டாசியை யார் நம்புவது? காலையில் சித்திரை வெயில் அடிக்கும். மத்தியானம் சாய்ந்தால் எங்கிருந்தோ மழை வரும். மலையில் இருட்டுவதற்கு முன்பே குளிர் வந்துவிடும். இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே பையில் துணி வேண்டும். அந்தப் பையும் பெரிதாக இருக்கக் கூடாது. வெயிலுக்கு உடம்பில் உரசாத பழைய காட்டன் புடவை, நனைந்தாலும் சீக்கிரம் காய்கிற சிந்தெடிக் புடவை, எல்லாப் புடவைக்கும் பொருந்துகிற மாதிரி மெரூன் ஜாக்கெட் இரண்டு. அவளுக்கு இடது கையைத் தூக்க முடியாது என்பதால் தலைவழியாக மாட்டாத, முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். ஒரு கறுப்புச் சால்வை எடுத்து வைத்தேன். அதைப் போர்த்திக்கொள்ளலாம், தலையில் கட்டிக்கொள்ளலாம், தரையில் விரித்து உட்காரவும் செய்யலாம். கட்டிலில் சாய்ந்தபடி அக்கா இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏண்டி, நாம இன்னா மலைக்குப் போறமா, துபாய்க்குப் போறமா?"

மரவள்ளி ஏற்றுகிற குட்டி யானை வண்டியை மாமாவே ஓட்டினார். முன்னால் நாங்கள் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பையைப் பின்னால்தான் வைக்க வேண்டும். மாமா ஒரு யூரியா சாக்கைக் கொண்டுவந்து பையை அதற்குள் இறக்கி, எடுக்க வசதியாகப் பிடி மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்தி, சாக்கின் வாயைக் கட்டாமல் வண்டியோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார்.

"எந்த மழ வந்தாலும் ஒரு சொட்டு உள்ள எறங்காது" என்றார் பெருமையாக.

எங்கள் பக்கத்து விவசாய வீடுகளில் யூரியா சாக்கை அப்படி நம்புவார்கள். மழையில் தலைக்குப் போட்டுக்கொள்வதும் அதுதான், நெல்லை மூடுவதும் அதுதான். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறியதும் அக்கா சின்னப் பிள்ளையாகிவிட்டாள். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"அதோ, அதான் எங்க வூடு! கொடில துணி காஞ்சிகினு கீது, பாருடி."

அவ்வளவு தூரத்திலிருந்து எந்தக் கண்ணுக்கும் கொடி தெரியாது. ஆனாலும் நானும் மாமாவும் ஆமாம் ஆமாம், தெரிகிறது என்றோம்.

அருவிப் பக்கம் போனபோது வெயில் கொளுத்தியது. ஸ்வெட்டர், சால்வை எதுவும் வேண்டாம், எல்லாம் பையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். தலையில் ஒரு துணியை மட்டும் கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து மெல்ல நடந்து வந்தாள். அருவியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பும்போது பாதி வழியில் பிடித்துக்கொண்டது மழை. சொல்லாமல் கொள்ளாமல் வந்த மழை. அவளை ஓடவும் சொல்ல முடியாது, தூக்கவும் முடியாது. என் முந்தானையை அவள்மேல் போர்த்தினேன், மாமா சட்டையைக் கழற்றிப் பிடித்தார். வண்டிக்கு வந்து சேர்ந்தபோது அவள் உடம்பில் நனையாத இடம் இல்லை. பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.

மாமா ஓடிப்போய்ப் பையைத் தூக்கினார். தூக்க முடியவில்லை. வாய் திறந்து நின்ற சாக்கு மழையை முழுக்க வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தது. தண்ணீரை உள்ளே விடாத சாக்கு, உள்ளே போன தண்ணீரை வெளியேயும் விடவில்லை. ஸ்வெட்டர், சால்வை, காட்டன், சிந்தெடிக், நான் பார்த்துப் பார்த்து அடுக்கிய அத்தனையும் குடத்தில் ஊறவைத்த மாதிரி இருந்தன. மாமா அப்படியே நின்றுவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அக்காதான் நடுங்கிக்கொண்டே, "நல்லா ஊறிப்போச்சி, சோப்பு மட்டுந்தான் போடல" என்றாள்.

ரோட்டோரம் ஒரு ஓட்டு வீடு இருந்தது. வாசலில் நின்ற ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டிக் கூப்பிட்டார். அந்த மலைக்காரர்தான், அக்காவைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார்.

"மழைல இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்க? அந்தப் புள்ளைய உள்ள கூட்டியாங்க மொதல்ல."

யார், எந்த ஊர், என்ன ஜனம் என்று அவர் எதுவும் கேட்கவில்லை. மாமாவை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அடுப்பில் விறகைத் தள்ளினார். அக்காவின் தலையில் கட்டியிருந்த ஈரத்துணியில் கை வைத்தபோது அக்கா சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டாள். முடி கொட்டியதிலிருந்து எங்களைத் தவிர யாரும் அந்தத் தலையைப் பார்த்ததில்லை.

"ஈரம் கண்ணு, உட்டா நெஞ்சுல எறங்கிடும்" என்றார் அந்த அம்மா.

அக்கா கையை எடுத்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைக்குத் துவட்டுகிற மாதிரி அந்த மொட்டைத் தலையைத் துவட்டிவிட்டார். ஆபரேஷன் செய்த இடத்தையும் பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கம்பளியைச் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சூடாகச் சாமைக் கஞ்சி கொடுத்தார். பிறகு தன் பெட்டியிலிருந்து ஒரு புடவையும் பச்சை ஜாக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார்.

ஜாக்கெட் அவர் உடம்புக்குத் தைத்தது. அக்கா போட்டதும் தோளிலிருந்து நழுவி விழுந்தது. "இதுல இன்னோர் ஆள் பூரலாம் போல கீதே" என்று அக்கா சிரித்தாள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். எங்கெங்கே பிடிக்க வேண்டும் என்று விரலால் பார்த்துக்கொண்டு, "கழட்டிக் குடு கண்ணு, மேல போட்டுகினே தைக்கக் கூடாது" என்று வாங்கினார். காலண்டரில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, அடுப்பு வெளிச்சத்தில் பக்கத்துக்கு ஒரு நீள நூலாக ஓட்டித் தைத்தார். இடது பக்கம் உள்ளே, புண்ணில் தையல் உரசாமல் இருக்க, பழைய வேட்டித் துணியை மடித்து வைத்தார். அதைச் செய்யச் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இப்போது ஜாக்கெட் அக்காவுக்குக் கச்சிதமாக இருந்தது. கழுவி அனுப்பிவிடுகிறோம் என்று நான் சொன்னேன்.

"இப்ப யாரு கேட்டா? கண்ணு, நீ நல்லா சாப்புடு. ஒடம்பு தேறி இது இறுக்குச்சின்னா, இந்த நூல ஒரே இழுவ, வந்துரும். அப்பறமா நீயே கொண்டாந்து குடு. ஒடம்பு தேறாம கொண்டாந்தீன்னா நான் வாங்க மாட்டேன், ஆமா."

"வரேங்கா. நானே வந்து தரேன்" என்றாள் அக்கா.

மலையில் தங்காமல் அன்றே இறங்கிவிட்டோம். காய்ச்சல் வரவில்லை. அடுத்த ஊசி தள்ளிப்போகவில்லை. அதை நினைத்து மாமா யாருக்கென்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பச்சை ஜாக்கெட்தான் அக்காவுக்குத் தராசு. அடிக்கடி போட்டுப் பார்ப்பாள். "இன்னும் லூசாதாண்டி கீது" என்று சொல்லிக் கழற்றி வைப்பாள். தை மாதம் ஒருநாள் எனக்குப் போன் செய்து கத்தினாள். "ஏய், கை கிட்ட புடிக்குதுடி!" கடையிலிருந்து அப்படியே பஸ் ஏறிப் போனேன். உண்மைதான், கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. நூலை இழுக்கலாமா என்று கேட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "தொடாத. அந்த அக்கா முன்னாடி போயி நின்னுகினுதான் இழுக்கணும். பனி கொஞ்சம் தணியட்டும், போலாம்" என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

பங்குனியில் நோய் திரும்பி வந்தது. நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். பிடித்துத் தைத்த ஜாக்கெட்டே மறுபடியும் அவளுக்கு லூசாக ஆனது. அதற்குப் பிறகு அவள் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. சித்திரையில் போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் அவள் துணிகளை எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். நான் அந்தப் புடவையையும் ஜாக்கெட்டையும் மட்டும் தனியாக எடுத்துக்கொண்டேன். அது இரவல் துணி. அவள் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்ன துணி.

அடுத்த புரட்டாசியில் பஸ்ஸில் தனியாக மலையேறினேன். கையில் ஒரே ஒரு கட்டைப்பை. உள்ளே துவைத்து மடித்த அந்தத் துணிகளும், அக்கா போடாமலே போன பட்டன் வைத்த ஸ்வெட்டரும். வாங்கிய வீட்டுக்கு வெறுங்கையோடு போக மனசு வரவில்லை.

அந்த அம்மா வாசலிலேயே இருந்தார். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். வேறு யாரும் இறங்கவில்லை, பஸ் கிளம்பிப் போய்விட்டது. நான் பையை நீட்டினேன். ஜாக்கெட்டை எடுத்து உட்புறமாகத் திருப்பி, விரலால் அந்தத் தையலைத் தடவிப் பார்த்தார்.

"பிரிக்கவே இல்லியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தேறாம கொண்டாந்தா வாங்க மாட்டேன்னு சொன்னனே, எந்த வாயால சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஒரே ஒரு மழை நேரம் பார்த்த பெண்ணுக்காக அவர் அழுத அழுகையைப் பார்த்து, நான் சாவு வீட்டில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. தை மாதம் ஜாக்கெட் பிடித்த கதையைச் சொன்னேன். உங்கள் முன்னால்தான் இழுக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்ததையும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்ப ஒருவாட்டி புடிச்சிச்சி, இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதை மறுபடியும் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

நூலைப் பிரித்துக் கொடுக்கட்டுமா, உங்களுக்குப் போட ஆகுமே என்று கேட்டேன். "வேணாம். இது அந்தப் புள்ளையோட அளவு. இப்பிடியே கெடக்கட்டும்" என்று சொல்லிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

இறங்கும்போது அந்த வளைவில் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். அக்கா வீட்டுக் கொடி தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்ல வேண்டிய ஆளும் பக்கத்தில் இல்லை.

இப்போதும் நான்தான் எல்லோருக்கும் பை கட்டுகிறேன். துணிகளை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வாயை முடிச்சுப் போட்டுக் கட்டுகிறேன். வெயில், மழை, குளிர் எல்லாவற்றுக்கும் எடுத்து வைத்த பிறகு, கடைசியாக ஒரு ஊசியில் நீளமாக நூல் கோத்துப் பையின் ஓரத்தில் குத்தி வைக்கிறேன், போகிற வழியில் இளைத்துப்போன யாராவது நனைந்துகொண்டு நின்றால் அந்த அம்மா செய்ததில் பாதியாவது பையை எடுத்துப் போகிறவர்கள் செய்ய வேண்டும் என்பதற்காக.