துரையின் தொப்பி

லிங்கி கடைத்தெருவில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் எனக்குள் விழுந்தது. எங்கள் தோட்டத்துத் துரையின் கார் வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து துப்பாக்கியோடு ஒருவன் குதித்து, தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்தான். ரப்பர் மரம் பார்க்கப் போகிறவருக்குக் காவல்! ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். இங்கே மலாயாவில் அவசரகாலம், காட்டிலிருந்து வருகிற கம்யூனிஸ்டுகள் துரைமார்களைச் சுடுகிறார்கள். பள்ளிப் படிப்பை முடித்த என்னைக் கணக்கெழுதும் கிராணி வேலைக்கென்றுதான் மாமா வரவழைத்திருந்தார். நானோ மெய்க்காவலன் ஆவதென்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். பேனா பிடித்து உட்கார்ந்திருக்கவா கடல் தாண்டி வந்தேன்?

மெய்க்காவலனாகச் சேர்ந்து, துப்பாக்கிப் பயிற்சி முடிந்த கையோடு துரை என்னை அழைத்தார். தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். என் காக்கித் தொப்பியைத் தான் போட்டுக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின் இருக்கை எனக்கு. என் இங்கிலீஷுக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துப்போனேன். துரை இறங்கிப் போனதும், எங்கள் தமிழ் பேசும் மலாய்க்கார டிரைவர் ஹமீதிடம் சொன்னேன்: "துரைக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"உன் மண்டை அளவு பிடிச்சுப்போச்சு லா, தம்பி. காட்டுல உள்ளவன் மூஞ்சியா பாப்பான்? தொப்பியைத்தான் பாப்பான்."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காட்டோரத் திருப்பத்தில் மாமா சைக்கிளில் வந்தார். துரையின் கார் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்பது தோட்டத்து வழக்கம். வெள்ளைத் தொப்பியைக் கண்டதும் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஊரில் பண்ணையார் வாசலில் அப்படி நிற்க மாட்டேன் என்றுதான் இந்த மனிதர் கப்பலேறினார். இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பண்ணையார் இடத்தில், நான்.

சாயங்காலம் எங்கள் லயத்து வரிசை வீட்டில் மாமா, "என்ன துரை, சோறு போடட்டுமா?" என்றார்.

"பாத்துட்டீங்களா மாமா?"

"கார் தாண்டுறப்ப பாத்தேன். ஏன்டா மாப்ளே, நான் இறங்கி நின்னா, இவன்தான் துரைன்னு காட்டுல உள்ளவனுக்கு நானே கை காட்டுன மாதிரி. இறங்காட்டி என் வேலை போயிரும். படிச்சவன், நீ சொல்லு."

ஹமீது சொன்னது அப்போதுதான் உறைத்தது. நான் காவலன் இல்லை. குறிபார்க்க வைத்த பொம்மை.

நாளை அந்தத் திருப்பத்துக்கு முன்பே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளப்போகிறேன். துரை டிரைவருக்கு மேலிருக்கும் கண்ணாடியில் அதைப் பார்ப்பார். போகிற வேலை என்னுடையதாக இருக்கட்டும். தொப்பி தெரியாவிட்டால் இறங்க வேண்டாமென்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். "பாக்கலாம்" என்றார். ஒரு காலைப் பெடலில் வைத்து, மறுகாலை மண்ணில் ஊன்றி, வருவது யாருடைய கார் என்று பார்த்துக்கொண்டு அவர் நிற்பது இப்போதே என் கண்ணில் தெரிகிறது.