இரும்புப் பெட்டிக்குச் சாம்பிராணி

பசறை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கொள்கலனைக் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் ஜன்னல் வெட்டி, தொலைபேசிக் கடையாக்கியிருக்கிறார்கள். காலையில் கடைக்காரர் அதன் இரட்டைக் கதவைத் திறக்கும்போது உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியே வரும். வெயிலில் வெந்த இரும்பு, கதவோரத்து ரப்பர், பழைய சாயம், ஈரம் குடித்த பலகைத் தரை. பஸ்ஸுக்கு நிற்கிற மற்றவர்களுக்கு அது ஒரு வாசமே அல்ல. எனக்கு மட்டும் கால் இரண்டு எட்டுத் தள்ளிப் போய் நிற்கும். நான் சொல்லி அது போவதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில், நாங்கள் ஸ்டோர் என்று சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில், எனக்குக் குச்சி பொறுக்குகிற வேலை. சலித்து வரும் தூளைத் தட்டில் பரப்பி, சிவந்த காம்புகளைப் பொறுக்கி எறிய வேண்டும். உள்ளே போவதற்கு முன் வாசல் குழாயில் கை, கழுத்து, முகம் எல்லாம் கழுவ வேண்டும். பூ வைக்கக்கூடாது. வாசனை எண்ணெய் கூடாது. சோற்றுப் பாத்திரம் வெளியே. தேயிலை எதையும் வேண்டாமென்று சொல்லாது. வெங்காயம் பக்கத்தில் இருந்தால் வெங்காயமாகும், மண்ணெண்ணெய் இருந்தால் மண்ணெண்ணெயாகும். ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்பே தூளையெல்லாம் அப்புறப்படுத்தி, பூசை முடிந்து ஜன்னல்களைத் திறந்துபோட்டு, வாசம் போன பிறகுதான் மறுபடி இயந்திரம் சுற்றும். இந்த ஒழுங்கு எனக்கு மூச்சு விடுவதைப் போலப் பழக்கம். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

என் அண்ணன் கொழும்புத் துறைமுகத்தில் பதிவில்லாத ஆள். காலையில் வாசலில் நிற்க வேண்டும். ஆள் எடுக்கிறவர் கை காட்டினால் வேலை. கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, கயிற்று வலையில் வருகிற தேயிலைப் பெட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்குவது அவன் வேலை. எங்கள் தோட்டத்துக் குறி போட்ட பெட்டி எப்போதாவது வருமாம். வந்தால் அதை மட்டும் கொக்கி போடாமல் கையால் தூக்கி வைப்பானாம். “ஏன்ணே?” என்று கேட்டதற்கு, “நீ பொறுக்குன தூளுல்ல, குத்தக்கூடாதுல்ல” என்று சிரித்தான்.

பிறகு துறைமுகத்துக்குக் கொள்கலன் என்கிற பெரிய இரும்புப் பெட்டிகள் வந்தன. வாசலில் கை காட்டுகிற நாள்கள் குறைந்தன. வாரத்தில் இரண்டு, பிறகு ஒன்று, பிறகு நின்றுவிட்டுத் திரும்புவது மட்டும். ஒரு துணிப்பையோடு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். அம்மாவும் நானும் இருந்த லயத்துக் காம்பிரா, தோட்டம் கொடுத்த அந்த ஒற்றை அறை, என் பேரில் இருந்தது. ஸ்டோரில் எனக்குப் பேர் பதிந்திருந்ததால் அது எங்களுக்கு. அண்ணனுக்குப் பதிவு இல்லை. தோட்டத்தில் பேர் இல்லாத ஆண்பிள்ளை, கேட்கிறவர்களுக்கெல்லாம் விருந்தாளி. மூன்று மாதம் விருந்தாளியாக இருந்தான்.

அந்த நேரத்தில்தான் ஸ்டோருக்குப் பொறுப்பான எங்கள் டீமேக்கருக்கு அவன் தேவைப்பட்டான். யாழ்ப்பாணத்து மனிதர், மூக்குக்குப் பேர் போனவர். வழக்கமாக எங்கள் தூள் பலகைப் பெட்டியில், ஈயத்தாள் சுற்றி, தெமோதரையில் ரயிலேறிக் கொழும்பு ஏலத்துக்குப் போகும். இந்த முறை வெளிநாட்டு வியாபாரி ஒருவர் நேராகவே கேட்டிருந்தார். கடதாசி மூட்டையில் கட்டி, ஒரு கொள்கலனில் அடுக்கி, பூட்டி அனுப்பிப் பார்க்க வேண்டும். தோட்டத்துப் பாதையில் அந்த வண்டி ஏறாது. ஆகவே ஹாலிஎல ஸ்டேஷன் பக்கத்துத் தரையில் அது நிற்கும். தோட்டத்து லாரி மூட்டைகளை அங்கே கொண்டுபோகும்.

ஸ்டோர் வாசலில் டீமேக்கர் அண்ணனிடம் பேசியது எனக்குத் தட்டு வரை கேட்டது.

“கப்பலுக்குள்ள அடுக்கின கை. இதை ஒரு மூட்டை கிழியாமல் அடுக்கிக் காட்டு. பொதி கட்டுற அறையில ஓரிடம் கிடக்கு. உன்ர பேரைப் பதியச் சொல்லுறன்.”

“சரிங்க ஐயா.”

“என்ன இழுக்கிறாய்?”

“இல்லீங்க. அந்தப் பெட்டி வந்துதான் எனக்கு வேல போச்சு. இப்ப அதே பெட்டிக்கு நானே…”

“அதுக்கு நான் என்ன செய்ய? பலகை உடையாது, வழியில களவு போகாது, கப்பல் காத்துக் கிடக்கத் தேவையில்லை. செலவு அரைவாசியும் வராது எண்டு சொல்லுறாங்கள். குடிக்கிறவனுக்கு மலிவு.”

“குடிக்கிறவனுக்கு மலிவுதாங்க.”

அன்று சாயந்தரம் அண்ணன் விரல் மடக்கி எனக்குக் கணக்குச் சொன்னான். “நம்ம ஸ்டோருல ஒரு கை. லாரிக்கு ஒரு கை. டேசன்ல ஏத்துற கை, கொழும்புல எறக்குற கை. கிட்டங்கியில அடுக்குற கை. படகுக்கு ஒண்ணு, கப்பலுக்குள்ள ஒண்ணு. இப்ப மொதக் கையும் கடேசிக் கையுந்தான். நடுவுல உள்ளதெல்லாம் வேணான்னுட்டான்.” மடக்கின விரல்களை நிமிர்த்தாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். “பரவால்ல. நான் மொதக் கையாயிட்டா சரி.”

கொள்கலன் முந்திய மாலையே ஹாலிஎலைக்கு வந்துவிட்டது. அண்ணன் காவலுக்குப் போனான். மறுநாள் எனக்கு மத்தியான முறை. காலையில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். கூடவே ஒரு வெற்று டின்பால் டின்னும், காகிதத்தில் மடித்த சாம்பிராணியும்.

புதிய வண்டி வந்தால் நாங்கள் செய்வதுதான். லாரி வந்தாலும், டிராக்டர் வந்தாலும், தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, சாம்பிராணி காட்டித்தான் முதல் சுமை ஏறும். பெட்டி ஏற்றிய லாரிக்கே காட்டியிருக்கிறோம். ஒரு தூளுக்கும் ஒன்றும் ஆனதில்லை. லாரி நாலு பக்கமும் திறந்தது, பெட்டிக்குள் ஈயத்தாள் இருந்தது என்பதெல்லாம் எனக்கு அந்தக் காலையில் தோன்றவில்லை. அண்ணன் பேர் பதிவாக வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது.

அண்ணன் பீலியில் முகம் கழுவப் போயிருந்தான். கொள்கலன் வண்டியைக் கொழும்பிலிருந்து ஓட்டிவந்த முஸ்லிம் டிரைவர், எல்லோருக்கும் நானா, தேநீர்க் கடையில் இருந்தார். அந்தக் கடையிலேயே டின்னில் சிரட்டைத் தணல் வாங்கினேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஏறினேன். அவ்வளவு நீளமான வெறுமைக்குள் நான் அதுவரை நின்றதில்லை. காலடி ஒவ்வொன்றும் இரண்டு தரம் கேட்டது. மூலைக்கு மூலை காட்டினேன். புகை போதாதென்று மிச்சத்தையும் கொட்டினேன். ஸ்டேஷன் ஆட்கள் பார்த்துச் சிரிப்பார்களோ என்று கூச்சமாக இருந்தது. கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டேன். கண் எரிந்து தண்ணீர் வரும்வரை நின்றேன். வேண்டிக்கொண்டது அண்ணனுக்காக.

நான் இறங்கவும் அண்ணன் வரவும் சரியாக இருந்தது. கதவிடுக்கில் வெள்ளையாகப் புகை வழிந்தது. அவன் என்னைத் திட்டவில்லை. டின்னை என் கையிலிருந்து வாங்கினான்.

“என்னா புள்ள பண்ணிட்ட?”

நான் பதில் சொல்வதற்குள் தோட்டத்து லாரி வளைவில் திரும்பியது. முன்னால் டீமேக்கர். இறங்கிப் பத்து எட்டு வந்தவர் நின்றார். மூக்கு மேலே போனது.

“ஆர் இதுக்குள்ள சாம்பிராணி போட்டது?”

“நாந்தாங்க ஐயா” என்றான் அண்ணன். டின் அவன் கையில் புகைந்துகொண்டிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். அவன் திரும்பாமலே சொன்னான்: “நீ ரொட்டிய வச்சிட்டு அங்கிட்டுப் போ.” போனேன். ஒருவருக்குப் பேர் இருக்கிறது, ஒருவருக்கு இல்லை. இருக்கிற பேரும் போனால் காம்பிராவும் போகும், அம்மாவும் தெருவில். அவன் அதைக் கணக்குப் போட்ட வேகம் எனக்குப் பிறகுதான் புரிந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. அப்போதே புரிந்தது. புரிந்துதான் போனேன்.

இரண்டு கதவையும் விரித்து வைத்தார்கள். அண்ணன் சாக்கால் சுவரைத் துடைத்தான். தண்ணீர் ஊற்றப் போனபோது டீமேக்கர் தடுத்தார்: பலகை நனைந்தால் ஈரத்தில் தூள் ஏற்றமுடியாது. ஒரு நாள் வெயிலில் திறந்து கிடந்தால் வாசம் போய்விடும் என்றான் அண்ணன்.

டிரைவர் நானா தலையாட்டினார். “கப்பல் நிண்டுக்கிட்டு ஈக்காது மச்சான். நாளைக்கி ராவு போயிரும். இப்ப வெளிக்கிட்டாத்தான் சரி.”

“முன்னயெல்லாம் ஒரு வாரம் கெடக்குமே நானா. மழ பேஞ்சா இன்னும் ரெண்டு நாளு.”

“அது ஒன்ட கப்பல். இது இவங்கட கப்பல்.”

டீமேக்கர் ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு தட்டுத் தூளை உள்ளே வைத்து, கதவைச் சாத்தச் சொன்னார். ஒரு மணி நேரம் எல்லோரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனார். கொதிநீர் ஊற்றி, மூடி வைத்து, கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சினார். வாய்க்குள் உருட்டினார். கடை வாசலில் துப்பினார். இன்னொரு கரண்டி. மறுபடி துப்பினார்.

“தேத்தண்ணி இல்லை இது. கோயில் தீர்த்தம்.”

லாரிக்காரன் சிரித்துவிட்டான். டீமேக்கருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், உதட்டை இறுக்கிக்கொண்டார். அண்ணனைப் பார்த்தபோது அது போய்விட்டது.

“துறைமுகத்தில இத்தனை வருசம் நிண்ட உனக்குத் தெரியாதோ?”

“தெரியும்ங்க.”

“தெரிஞ்சுமோ?”

“ஆமாங்க.”

மூட்டைகள் வந்த லாரியிலேயே திரும்பின. சோதனை முறையும் எங்கள் தோட்டத்தை விட்டுப் போனது. சில வருடம் கழித்து வேறு ஆட்களோடு, வேறு ஒழுங்குகளோடு மறுபடி வந்தது. பலகைப் பெட்டியும் மெல்ல மெல்ல நின்றது. அந்தப் பகலில் எனக்கு அதெல்லாம் தெரியாது. பொதி கட்டுற அறையில் கிடந்த அந்த ஓரிடம் வேறொருவருக்கு என்பது மட்டும் தெரிந்தது. டீமேக்கர் அதை வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை.

வெறும் பெட்டியோடு புறப்பட்ட டிரைவர் நானா, கொழும்பில் லாரிகளில் டிரைவரோடு ஏறுகிற உதவியாள் வேலை இருக்கிறது, வருகிறாயா என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் துணிப்பையை எடுக்கக்கூடத் தோட்டத்துக்கு மேலே வரவில்லை. முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினான். நான் படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நான் ஐயாகிட்ட உள்ளதச் சொல்லிர்றேன்ணே.”

“சொல்லி? ரெண்டு பேருமா வந்து வாசல்ல நிக்கவா?”

“பாவமா இருக்குண்ணே.”

“இருக்கட்டும். அம்மாகிட்ட வேல கெடச்சுப் போயிருக்கேன்னு சொல்லு. பொய்யில்ல.”

வண்டி உறுமியது. என் விரல்களைப் படியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

“மணியாச்சு, ஓடு. போயி நல்லா மேலு கழுவிட்டு உள்ள போ, ஒம்மேலயும் அந்த வாசந்தான்.”