வெட்டிய வாகையின் நிழல்

பேய், முனி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். உச்சி வெயிலில் புளிய மரத்தடியில் நிற்காதே என்று சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், மரத்தடியில் நிற்பதுதான் என் உத்தியோகமே, நிற்காமல் என்ன செய்வது. அதனால் நான் சொல்லப் போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம், பக்கத்தில் நின்று கண்ணால் கண்டுவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்ன ஒரு மனுஷன் மேல்தான்.

திருகோணமலையில் வீதியோர மரங்களைப் பராமரிக்கிற பிரிவில் வேலை செய்கிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பராமரிப்பு என்றால் என்ன தெரியுமா? பிரமுகர்கள் வந்து கன்று நடுவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். கன்றைச் சுற்றிக் கூடு அடிக்கக் கம்பி கேட்டால் இல்லை என்பார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் ஊருக்குள் திரிகிற மான்கள் குருத்தைத் தின்றிருக்கும். மானைக் குறை சொல்லி என்ன, அதுகளுக்கு இருந்த பற்றைக்காட்டையும் வெட்டி வீட்டு வளவாக்கிவிட்டு, குப்பைமேட்டில் பொலித்தீன் தின்ன விட்டிருக்கிறோம்.

துறைமுகத்தை ஒட்டிப் போகிற வீதியில் மூன்று பெரிய வாகைகள் நின்றன. நடு வாகைதான் பெரியது, வீதி முழுவதையும் மூடி நிழல் விழும். ஓட்டோக்காரர்கள் அதன் கீழேதான் நிற்பார்கள். மத்தியானத்தில் மான்களும் வந்து அவர்களுக்கு நடுவே பயமில்லாமல் படுத்துக்கிடக்கும். அந்த மரத்தை வெட்ட வேண்டும் என்றார் எங்கள் இஞ்சினியர். ஏன் என்று கேட்டேன். உல்லாசப் பயணிகள் வீதியில் நின்றால் கடல் தெரிய வேண்டுமாம், நகரத்தை அழகாக்குகிறார்களாம். நோயில்லாத மரம், காற்றுக்கு விழாது, வெட்டக் காரணமே இல்லை என்று கூட்டத்தில் சண்டை பிடித்தேன். பார்ப்போம் என்றார். பிறகு கட்டைபறிச்சானில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கன்று கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். நான் திரும்பி வர மரம் இல்லை. வேரையும் கிளறி எடுத்து, கொஞ்ச நாளில் அந்த இடத்துக்குத் தாரும் ஊற்றி, ஓரத்தில் சீமெந்துச் சாடியில் பிளாஸ்டிக் செடி வைத்தார்கள். பிளாஸ்டிக் செடி! மிச்சம் இரண்டு வாகைகளிலும் சிவப்புப் பெயின்ற் அடித்துவிட்டார்கள், அடுத்தது அதுகள் என்று.

அது கச்சான் காற்று வீசுகிற காலம். நெருப்புப் போல காற்று. ஒருநாள் மத்தியானம் நிஸ்தார் நானா ஓட்டோவை அலுவலக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். குறிஞ்சாக்கேணிக்காரர், அந்த வாகையடியில் கனகாலம் நின்றவர். "மிஸ், ஒருக்கா வந்து பாருங்க. எனக்கு விளங்கல்ல" என்றார்.

போய்ப் பார்த்தேன். கொதிக்கிற தாரில், வெட்ட வெயிலில் மான்கள் படுத்திருந்தன. குட்டிகளும் இருந்தன, அசைபோட்டுக்கொண்டு. பழகின இடம், அதுதான் வந்து படுக்குது என்று சொன்னேன். நிஸ்தார் நானா, கொஞ்சம் நில்லுங்க என்று கையைக் காட்டினார். நின்றோம். வெயில் சாயச் சாய மான்கள் ஒவ்வொன்றாக எழும்பிக் கிழக்குப் பக்கம் தள்ளித் தள்ளிப் படுத்தன. மரம் நின்றிருந்தால் நிழல் எப்படி நகருமோ அப்படியே.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அதுகளுக்கு நடுவே கால் வைத்தேன். நம்புங்கள், நம்பாமல் விடுங்கள், தார் குளிர்ந்திருந்தது. காற்றும் சுடவில்லை. ஓரடி பின்னுக்கு வைத்தால் உள்ளங்கால் பொசுங்கியது.

மற்ற வாகைகளைப் பார்க்க இஞ்சினியர் அந்த நேரம்தான் வாகனத்தில் வந்து இறங்கினார். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. "சேர், இதில வந்து நில்லுங்கோ" என்றேன். என்ன விளையாட்டு என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வெயிலில் தானாகக் கறுக்கிற கண்ணாடி போடுகிறவர் அவர், வெளியில் நிற்கும்போது அவருடைய கண் தெரியவே தெரியாது. வந்து என் பக்கத்தில் நின்றார். சாய்ந்த பிறகும் சூரியன் எரிகிறது, ஒரு மேகம் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கண்ணாடியின் கறுப்பு மெல்ல மெல்லக் கலைந்து வெள்ளையானது. உள்ளே கண் தெரிந்தது. பயந்துபோன கண். மேலே அண்ணாந்து பார்த்தார், எதைக் கண்டாரோ தெரியாது. "மிஸ், வாங்கோ. போவம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் நான் இதைச் சொன்னேன். சேரும் பக்கத்தில் நின்றவர், கேளுங்கோ என்றேன். அவர் தலை நிமிரவில்லை. "மிஸ்ஸுக்கு வெயில் பிடிச்சிட்டுது. மான் படுத்திருந்தது, வேற ஒண்டுமில்லை." எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நாள் என்னை மான் மிஸ் என்று கூப்பிட்டார்கள். ஆனால் மற்ற இரண்டு வாகைகளையும் வெட்டுகிற கதை அத்தோடு நின்றது. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை, இன்றைக்கும் சிவப்புப் பெயின்றோடு நிற்கின்றன. பயந்துதான் விட்டார் என்றால் அதைச் சொல்லியிருக்கலாமே? என்னைப் பைத்தியமாக்கித்தானா தப்ப வேண்டும்? அவர் கொஞ்ச நாளில் மன்னாருக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு மான்களும் அந்தத் தாரில் வந்து படுப்பதில்லை. நானும் போய்க் கால் வைத்துப் பார்த்தேன், சுட்டது.

போன மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. சுகம் விசாரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மான்கள் இன்னும் அதிலே படுக்கின்றனவா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு சொன்னார்:

"இங்க கழுதையள் கனக்கத் திரியுது, மிஸ். மத்தியான வெயிலில நான் எங்க போய் நிண்டாலும் வந்து என்னைச் சுத்திப் படுக்குதுகள். நான் நடந்தா எழும்பிக் கூடவே வருதுகள்."

கூட்டத்தில் இதைச் சொல்லுங்கோ சேர் என்று வாய் வரை வந்தது. போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மத்தியானத்தில் வெட்ட வெளியான இடத்தைக் கடக்கும்போது, தெருநாய் ஏதும் என் பின்னால் வருகிறதா என்று திரும்பிப் பார்க்கிறேன். வெட்டச் சொன்னவர் அவர்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் குளிரில் நானும்தான் நின்றேன்.