அறுபத்து நான்கு தூக்குப் போசிகள்

2023 நவம்பரில், தீபாவளிக்கு மறுவாரம் பெய்த மழையில் ராசிபுரத்தில் எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது. நீளக் கம்பியை விட்டுக் கிளறியபோது வெளியே வந்தவை பெரும்பாலும் இனிப்புப் பெட்டிகளும் அவற்றின் பிளாஸ்டிக் மூடிகளும். தெரு நலச்சங்கம் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தவை. சங்கச் செயலாளராக அவற்றை வாங்கி வீடுவீடாகச் சேர்த்தவன் நான். அன்றைய நாட்குறிப்பில் "அடுத்த ஆண்டு வேறு வழி" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

வேறு வழி, பனமரத்துப்பட்டியில் பலகாரம் செய்யும் மகளிர் குழு ஒன்றின் மூலம் வந்தது. பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளைந்த கம்பும் கடலையும் எள்ளும்தான் அவர்களுடைய சரக்கு. எண்ணெய் உள்ளூர்ச் செக்கில் ஆட்டியது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதற்காக, மூடியும் கைப்பிடியும் உள்ள எழுபது எவர்சில்வர் தூக்குப் போசிகள் வைத்திருந்தார்கள். குழுத் தலைவி நாற்பதைக் கடந்தவர், நன்றாகச் சிரிப்பவர். யோசனையும் அவருடையதே. தெருவில் உள்ள அறுபத்து நான்கு வீடுகளுக்கும் முதலில் போசியில் பலகாரம் போகும். காலிப் போசிகள் திரும்பி வந்ததும் அவற்றையே மறுபடி நிரப்பி, செங்கல் சூளைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதிக்குக் கொடுப்போம். பெட்டிக்கு ஆகும் செலவு மிச்சமாவதால் இரண்டையும் சங்கமே ஏற்கலாம்.

"அம்பத்தெட்டுப் பிள்ளைங்க இருக்குதுங்ணா. லீவு விட்டா வெறுங்கையை வீசிக்கிட்டு ஊட்டுக்குப் போவுதுங்க. இந்த வருசம் ஆளுக்கொரு போசி தூக்கிட்டுப் போவோணும். நான் வார்டன் அம்மாகிட்டச் சொல்லிட்டேன், பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டேன்" என்றார்.

"ரெண்டே நாள்ல போசி திரும்பி வந்துரும், அம்மணி. அது என் பொறுப்பு" என்றேன்.

2024 அக்டோபர் 27, ஞாயிறு காலை, போசிகள் மினி ஆட்டோவில் வந்திறங்கின. பகலுக்குள் எல்லா வீட்டுக்கும் கொடுத்து முடித்தோம். வியாழன் தீபாவளி, புதன் மதியம் பிள்ளைகள் பஸ் ஏறிவிடுவார்கள். அதனால் செவ்வாய் மாலைக்குள் போசிகள் வேண்டும் என்று தெருவின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன.

செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு என் வாசலில் இருந்தவை ஒன்பது.

குழுத் தலைவி போனில் கேட்டார்: "முறுக்கு பூரா சுட்டு அடுக்கியாச்சுங்ணா. போசி எப்ப வருதுங்க?" குரலில் சிரிப்பு இல்லை. அவர்கள் கையில் மிச்சம் இருந்தவை ஆறு. ஒன்பதும் ஆறும் பதினைந்து. மீதி நாற்பத்து மூன்று பிள்ளைகளை எண்ணியபடி செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் வீடு தறிப்பட்டறைக்காரருடையது. அவர் மனைவி கதவைத் திறந்து, "போசிதானுங்களே? நாளைக்குச் சாயந்தரம் தாரனுங்க" என்றார். இரண்டாம் வீட்டிலும் நாளை. மூன்றாம் வீட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர், "சாரு வசூலுக்கு வந்துட்டாருடோய்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "உங்க போசியைத் தூக்கிட்டு ஆந்திராவுக்கா ஓடிரப் போறேன்? ரெண்டு நாள் பொறுங்க."

நான்காம் வீட்டில் குரலை உயர்த்திவிட்டேன். ஒரு பாத்திரத்தைக் கழுவித் தருவதற்கு இவ்வளவு சோம்பலா என்று கேட்டேன். அந்த வீட்டம்மாளின் முகம் சுருங்கியது.

கோபத்தோடு வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தேன். மேடையில், கழுவித் துடைத்துக் கவிழ்த்தபடி, எங்கள் வீட்டுப் போசி.

"இது ஏன் இன்னும் இங்க இருக்குது?"

அதிரசப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள். "வெறும் போசியை எப்படிக் குடுக்கறதுங்க? அதிரசம் சுட்டதும் நாலு போட்டுக் குடுக்கலாம்னு வச்சிருக்கறேன்."

அப்போதுதான் உறைத்தது. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஐம்பத்தைந்து வீடுகளும் சோம்பிக் கிடக்கவில்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பேறக் காத்திருந்தன. திரும்பி வந்த ஒன்பதில் ஏழு, வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தர்களுடையவை. இதே மண்ணில் பிறந்து, அறுபது வயதைத் தாண்டி, தேதி தேதியாக ஊர் நடப்பை எழுதிவைக்கும் எனக்கு இது தோன்றவே இல்லை.

குழுத் தலைவியிடம் போனில் சொன்னேன். அவருடைய பழைய சிரிப்பு திரும்பி வந்தது. "எங்க ஊட்லயும் அப்படித்தானுங்ணா செய்வோம். எனக்கும் தோணலை பாருங்க! ஒண்ணு பண்ணுங்க. வெறும் போசியா வாங்காதீங்க. ஒரு கை அரிசியோ பருப்போ போட்டுத் தரச் சொல்லுங்க. நீங்க ஒரு சாக்கை எடுத்துக்கிட்டுப் போயி அதுல கொட்டிக்கங்க. அவங்களுக்கும் மனசு ஆறும், போசியும் காலியாவும்."

சாக்கோடு கிளம்பினேன். நேராக நான்காம் வீட்டுக்குப் போய் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அந்தம்மாள், "அட, உடுங்க சாமி" என்று சொல்லிப் போசி விளிம்புவரை நிலக்கடலை நிரப்பிக்கொண்டு வந்தார். ரிக்காரர் துவரம்பருப்பைக் கொட்டியதோடு நிற்காமல் சாக்கின் மறுமுனையையும் பிடித்துக்கொண்டார். "வசூல்னா இப்படி இருக்கோணும், சார்!" தெருமுனை வரை கூடவே வந்து, நான் தயங்கிய கதவுகளையும் அவரே தட்டினார். அரிசி, பாசிப்பயறு, வெல்லம், புளி. ஒரு வீட்டில் போசிக்குள் நுழையாத தேங்காயைத் தனியே தந்தார்கள். ஏழரை மணிக்குள் மூன்று சாக்குகள் நிறைந்தன.

ஐந்து வீடுகள் பூட்டியிருந்தன; தீபாவளிக்குச் சொந்த ஊர் போய்விட்டார்கள். மீதி வீடுகளிலிருந்து வந்தவற்றிலும் ஒன்பது நசுங்கி மூடி சேராமல் போயின. ஆக நல்ல நிலையில் திரும்பியவை ஐம்பது. குழுவிடம் இருந்த ஆறையும் சேர்த்தால் ஐம்பத்தாறு. இரண்டு குறைந்தன.

புதன் காலை பனமரத்துப்பட்டியில் போசிகளைக் கழுவி நிரப்பிக்கொண்டிருந்தபோது, குழுத் தலைவியும் இன்னொரு பெண்ணும் தங்கள் வீட்டுத் தூக்குகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். தலைவியினுடையதில் அவருடைய கல்யாணத் தேதி வெட்டப்பட்டிருந்தது. தேதி என்றால் என் கண் தானாகப் போகும்.

"இது திரும்பி வராமப் போயிட்டா?"

"கல்யாண நாளை எங்க ஊட்டுக்காரரே மறந்து வருசமாச்சுங்ணா. இது ஒண்ணுதான் ஞாபகப்படுத்தி மானத்தை வாங்குது. போனாப் போவட்டும்!"

சாக்குகளை அவிழ்த்தபோது எல்லாம் கலந்து கிடந்தது. பச்சரிசியும் புழுங்கலரிசியும் பருப்பும் பின்னிக்கொண்டிருந்தன. நான் சங்கடப்பட்டேன். "அடைக்கு அரைக்கறவங்களுக்கு இதைவிட என்னங்க வேணும்?" என்று சொல்லி, தலைவி அவற்றையும் விடுதிச் சமையலறைக்கென்று வண்டியில் ஏற்றச் செய்தார்.

மதியம் பன்னிரண்டே காலுக்குப் பிள்ளைகள் விடுதி வாசலில் வரிசையாக நின்றார்கள். ஒருவர் விடாமல் எல்லோர் கையிலும் தூக்கு. பஸ் வந்தது. ஏறியவர்களில் மிகச் சிறிய பெண் ஒருத்தி, உட்கார்ந்த கையோடு மூடியைத் திறந்து கண்டக்டரிடம் ஒரு முறுக்கை நீட்டினாள்.

"டிக்கெட்டுக்குப் பதிலாங்க சாமி இது?" என்று கேட்டார் கண்டக்டர்.

"இல்லீங்க. சும்மா சாப்புடுங்க. ஊட்டுக்கு நிறைய இருக்குது" என்றாள் அவள்.

கண்டக்டர் முறுக்கை வாயில் கவ்விக்கொண்டு விசில் அடிக்க முடியாமல், பஸ்ஸின் பக்கத்தைக் கையால் தட்டினார். பஸ் நகர்ந்தது. குழுத் தலைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வெயில் என்றார். நான் அவரைப் பார்த்துக் கைகூப்பினேன்.