புது ஐயர் சொன்ன பெயர்

எங்கள் லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். அவர் மனைவி ஐயரம்மா. இதில் எங்களுக்கு விசித்திரமாக எதுவும் தெரிந்ததில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து என்னோடு ஆறாம் வகுப்பு படித்த ஒருத்திக்குத்தான் அது விளங்கவில்லை. "எங்க ஐயருக்குக் கோழி பிரியாணின்னா உயிரு" என்று நான் சொன்ன அன்று அவள் தன் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள்.

அந்த ஐயர் அந்த வருடம் மே மாதம் மாற்றலாகிப் போனார். என் அண்ணனை அடக்கம் செய்தவர் அவர்தான். அண்ணன் ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாள் நண்பர்களோடு கொள்ளிடத்து மணலில் கிரிக்கெட் விளையாடப் போனான். பந்து தண்ணீரில் விழுந்தது. எடுக்க இறங்கினான். மணல் அள்ளிய பள்ளம் அங்கே இருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. புது ஐயர் வந்தபோது அது நடந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. அந்த ஒரு வருடமும் ராத்திரியில் நான் எப்போது விழித்தாலும் அம்மா தூங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

புதியவர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தார். இளவயதுக்காரர், நல்ல உயரம். சபையார் அவரைப் பழைய ஐயரோடு ஒப்பிடத் தொடங்கினார்கள். பழையவரின் பிரசங்கம் கால்மணி நேரத்தில் முடிந்து, கறிக்கடைக்குப் போக நேரம் இருக்கும். புதியவர் மனிதர்களின் பசியை லட்சியம் செய்யவில்லை. அவருக்கு ராகம் நிற்காது. அவர் பாட்டை எடுத்துக் கொடுத்தால் ஆர்கன் வாசிப்பவர் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் சத்தம் மட்டும் கணீரென்று இருக்கும். மைக் இல்லாமலே தென்னூர்த் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்று அப்பா சொன்னார். கிறிஸ்துமஸுக்குள் எல்லா வீட்டையும் சந்தித்து எல்லோருடைய பெயரையும் மனப்பாடம் செய்துவிடுவேன் என்று அவர் முதல் ஞாயிறே அறிவித்தார். அதன்பின் சபையில் பல வீடுகளுக்கு வெள்ளையடிக்கப்பட்டது.

காட்டூரில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். வழக்கமாகக் கூடவே வந்து, யார் யார் என்ன ஏது என்று வாசலிலேயே காதில் ஓதிவிடும் சபை உதவியாளர் உபதேசியாருக்கு அன்று காய்ச்சல். ஐயர் தனியாக பைக்கில் வந்து இறங்கினார்.

அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். ஐயர் என்னிடம் பெயர் கேட்டார், வகுப்பு கேட்டார், பத்துக் கற்பனைகளும், அதாவது வேதத்தின் பத்துக் கட்டளைகளும், தெரியுமா என்று கேட்டார். சொன்னேன். பிறகு அவர் சுவரைப் பார்த்தார். பள்ளிச் சீருடையில் அண்ணனின் படம் அங்கே இருந்தது. பக்கத்து வீடுகளில் இறந்தவர்களின் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள், பொட்டு வைத்திருப்பார்கள், சின்ன விளக்கு ஒன்று எரியும். எங்கள் வழக்கத்தில் அதெல்லாம் கிடையாது. படம் வெறும் படமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"மூத்த பையனாம்மா? எங்க காணோம்?"

அப்பா தொண்டையைச் செருமினார். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"கோயமுத்தூர்ல படிக்கிறான் ஐயா. இன்ஜினியரிங். இப்பதான் ரெண்டாவது வருஷம் ஆரம்பிச்சிருக்கு."

"அடடே, நல்லதும்மா. ஹாஸ்டலா?"

"ஆமாங்க ஐயா. சாப்பாடுதான் அவனுக்கு ஒத்துக்கல. இங்க ரசம் இல்லாம எந்திரிக்கவே மாட்டான். அங்க யாரு வச்சுக் குடுப்பா."

"போன் பண்ணுவாரா?"

"ஞாயித்துக்கிழமை பண்ணுவான். அதுவும் நான் திட்டுனாத்தான்."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். எத்தனையோ மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. அவன் கால் வளர்ந்துகொண்டே போவதால் வருடத்துக்கு இரண்டு செருப்பு வாங்க வேண்டியிருக்கிறது என்றாள். சாயலில் அவன் அவளுடைய தம்பியைப் போல என்றாள். ஐயர் அவன் பெயரைக் கேட்டதும் அதையும் சொன்னாள். ஐயர் முறுக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ரசித்துக் கேட்டார். அப்பா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்த தலையை அவர் நிமிர்த்தவே இல்லை.

கடைசியில் ஐயர் ஜெபம் செய்தார். தூரத்தில் படிக்கும் மகனைச் சகல தீங்குக்கும் விலக்கிக் காத்தருளும் என்றார். எல்லோரையும் முந்திக்கொண்டு அம்மாதான் ஆமென் சொன்னாள்.

பைக் சத்தம் தேய்ந்ததும் அப்பா கேட்டார். "ஏன் அப்படிச் சொன்ன?"

"கேட்டாரு. சொன்னேன்." அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொய் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஞாயிறு பள்ளிக் கணக்கில் எட்டாம் கற்பனை. சற்று முன்புதான் அதை நான் ஐயர் முன்னால் நின்று ஒப்பித்திருந்தேன். அதே ஐயரிடம், அதே அறையில், அம்மா அதை மீறிவிட்டாள். கர்த்தர் என்ன செய்வார், அதற்கு முன் ஐயர் என்ன செய்வார் என்ற கவலையில் மறுநாள் பள்ளியில் எதுவும் காதில் ஏறவில்லை.

ஞாயிறு வந்தது. பிரசங்கம் முடிந்து பொது ஜெபம். வியாதியஸ்தர், பிரயாணிகள், தேசத்தை ஆளுகிறவர்கள் என்று வழக்கமான வரிசையில் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஐயர், வெளியூரில் படிக்கும் நம் சபைப் பிள்ளைகளுக்காக என்று தொடங்கி, ஒவ்வொரு பெயராகச் சொன்னார். எல்லாம் மனப்பாடம். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ அண்ணனின் பெயரைச் சொன்னார். அந்தக் கணீர் குரலில், அப்பா பெயரையும் சேர்த்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னார்.

மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லோருமே கண்ணைத் திறந்திருந்தார்கள். முன்வரிசைப் பெண்கள் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கத்தில் அப்பா எழுந்து வெளியே போனார். அம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடியபடி இருந்தாள். ஐயருக்கு ஏதோ தவறியது புரிந்தது, என்னவென்று புரியவில்லை. ஒரு வார்த்தை தடுமாறி, ஜெபத்தை முடித்தார்.

ஆராதனை முடிந்து அவர் வாசலில் நின்று கை கொடுப்பதற்குள் சபைச் செயலாளர் அவரை ஓரமாக அழைத்துப்போய்ச் சொல்லிவிட்டார். வெள்ளை அங்கிக்கு மேலே அவர் முகம் சாம்பலாகியிருந்தது. வரிசையில் எங்கள் முறை வந்தது. அம்மா கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"பேரை நல்லா சத்தமா சொன்னீங்க ஐயா," என்றாள் அம்மா. "எங்க வீட்டுல யாரும் சொல்றதில்ல."

வெயிலில் நின்று சபை அதைப் பேசித் தீர்த்தது. ஐயர் விசாரித்திருக்க வேண்டும் என்றார்கள் சிலர். அந்த அம்மாவை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார்கள் சிலர். பழைய ஐயர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் பொழுது சாய்வதற்கு முன்பே ஐயர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை ஐயரம்மாவும் வந்திருந்தார்கள். தண்டனை வந்துவிட்டது என்று நான் உள்கதவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஐயர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வேதப்புத்தகத்தை மடியில் வைத்திருந்தார், திறக்கவில்லை.

"அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். "மத்தவங்க சொல்லி நான் தெரிஞ்சுக்க வேண்டாம். நீங்க சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல."

அம்மா சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டாரு?"

"இட்லி," என்றாள் அம்மா. "சரியா சாப்பிடல. பசங்க வாசல்ல வந்து நின்னுட்டானுங்க."

அதிலிருந்து தொடங்கினாள். அவன் நீலச் சட்டையைத் தேடியது, அது கொடியில் காயாமல் இருந்தது, ஈரத்தோடே மாட்டிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னாள். போன் வந்ததைச் சொன்னாள். அப்பாவோடு ஆட்டோவில் காவிரிப் பாலத்தைக் கடந்ததைச் சொன்னாள். பாலத்தில் ஒரே நெரிசல், ஸ்ரீரங்கத்தில் ஏதோ திருவிழா, ஆட்டோ நகரவே இல்லை என்றாள். அடக்கத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் நடந்தது முன்பே தெரிந்திருந்தது. அதனால் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

பிறகு அப்பா பக்கம் திரும்பாமல் சொன்னாள். "ஆத்துப் பக்கம் போகக் கூடாதுன்னு இவங்க முதல் நாளே சொல்லிட்டாங்க. இவங்க வேலைக்குப் போனதும் என்கிட்ட வந்து கெஞ்சினான். நான்தான் போயிட்டு வான்னு சொன்னேன். இவங்களுக்குத் தெரியாது."

ஐயரம்மா அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்குத் தெரியும்," என்றார் அப்பா.

அம்மா அவரைப் பார்த்தாள்.

"உன்னைக் கேக்காம அவன் என்னைக்கு வாசப்படி தாண்டியிருக்கான். அன்னைக்கே தெரியும். நீயா சொல்வேன்னு இருந்தேன். அப்புறம், கேட்டா நீ ஒடைஞ்சு போயிடுவேன்னு விட்டுட்டேன்."

அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். அடக்கத்தன்றுகூட அவர் அழவில்லை. ஐயர் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு வசனம் சொல்லவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. தன் கைக்குட்டையை எடுத்துத் தன் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார். அம்மா சொன்ன பொய்யைப் பற்றி அம்மாவும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை மறந்துவிட்டுப் போகிறாரே, இவர் என்ன ஐயர் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அவர்கள் போனபின் அம்மா விளக்குகூடப் போடாமல் கூடத்திலேயே தலையணையை இழுத்துப் போட்டுப் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். அடுத்த வீட்டு அக்கா மாவு கேட்டு வந்தபோது அப்பா வாசலிலேயே நிறுத்தி, கையைக் காட்டி அனுப்பிவிட்டார். டி.வி. போடப் போன என்னைத் தடுத்தார். தன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பழைய சோற்றில் மோர் ஊற்றி எனக்கும் போட்டுத் தானும் சாப்பிட்டார். பிறகு அம்மாவின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா படுத்து நான் பார்த்ததில்லை. ஐயர் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காய்ச்சலை வரவழைத்துவிட்டார் என்று நினைத்தேன். அப்பாவிடம் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். நான் பக்கத்தில் போய் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. அப்பாவுக்கு ஏன் அவ்வளவு நிம்மதி என்று எனக்குப் புரியவில்லை.