ஆறாவது சோதனை

அது 2009. மூட்டுவலி மாத்திரை ஒன்றைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, அது உண்மையில் நல்லதா என்று முடிவு சொல்லும் வேலை எனக்கு. கிடைத்தவை ஐந்து கட்டுரைகள். ஐந்தும் மாத்திரையைத் தலையில் தூக்கி வைத்து ஆடின. அந்த நம்பிக்கையில், திருப்புல்லாணியில் மிளகாய்க் கொல்லையே கதியென்று கிடந்த என் அப்பாவுக்கும் அதையே எழுதிக் கொடுத்திருந்தேன். நான்தான் பெரிய டாக்டர் ஆயிற்றே!

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். அன்று மாலைக்குள் கட்டுரை என் பேராசிரியருக்குப் போயாக வேண்டும். ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, சும்மா பேருக்கு, மருந்துச் சோதனைகளைத் தொடங்கும்போதே பதிந்து வைக்கும் இணையப் பதிவேட்டைத் திறந்தேன். அதே மாத்திரைக்கு ஆறாவதாக ஒரு சோதனை இருந்தது. நின்று இரண்டு வருடம் ஆகியும் முடிவு எங்குமே வெளிவரவில்லை.

பதிவேட்டிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். சோதனையை நடத்திய டாக்டர்தான் எடுத்தார். ரொம்பவே தயங்கினார்.

“பாதியிலயே நிறுத்திட்டோம்மா. சில பேருக்கு வயித்துல ரத்தக் கசிவு. வெளியிட வேணாம்னு கம்பெனி சொல்லிருச்சு.”

முந்தின நாள் அய்யா, என் அப்பாதான், சொன்னது நினைவுக்கு வந்தது. “ரெண்டு நாளா கருப்பாப் போகுது தாயி. கருப்பட்டிக் காப்பி கூடிப்போச்சு போல.” எங்கள் பக்கம் பழியைக் கருப்பட்டி மேல் போடுவது வழக்கம். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். உள்ளே ரத்தம் கசிந்தால் மலம் கருப்பாகத்தான் போகும் என்று படித்தவள் நான். என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருந்தது.

வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தார்.

“கிறுகிறுன்னு வருதுன்னு அய்யா இங்கனயே படுத்துட்டாரு.”

“அந்த மாத்திரையை இனிக் குடுக்காதீங்கம்மா. உடனே கார் பிடிச்சு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நான் வாசல்ல நிக்கேன்.”

கார் வரும்வரை அந்த வாசலில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். அய்யாவைத் தூக்கித்தான் இறக்கினார்கள். ரத்தம் ஏற்றத் தொடங்கிய பிறகு என் பேராசிரியரின் போன் வந்தது. ஆறாவது சோதனையைப் பற்றிச் சொன்னேன்.

“வெளிவராததையெல்லாம் எப்படிம்மா சேர்க்கிறது? அஞ்சு போதும். அனுப்பிடு.”

“அதை எழுதாம அனுப்ப மாட்டேன் சார். இங்க உள்ள ஒருத்தருக்கு ரத்தம் ஏறிட்டிருக்கு. அவரும் எந்தக் கட்டுரையிலயும் வரல. அவரு எங்கய்யா.”